இஸ்மா என் கையில்

இருபது வருடங்களுக்கு மேல் லண்டனில் அரபு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். அவ்வளவு காலத்திலும் வேலை விதியை ஒரே ஒரு தடவைதான் மீறினேன். தெரிந்துகொண்டே மீறினேன். மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கடிதம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இதை எழுதச் சொன்னவர்கள், என் கடைசி வருடங்களில் என்னோடு வேலை செய்த இரண்டு பெண்கள். இப்போது நாங்கள் வேலை செய்த நகரக் கவுன்சிலில் மொழிபெயர்ப்பு முழுவதும் தொலைபேசியில் நடக்கிறதாம். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் அழுதுகொண்டிருப்பாள், மொழிபெயர்ப்பவள் தன் வீட்டுக் குசினியில் காதில் போனோடு இருப்பாள். முகமும் தெரியாது, மேசையில் கிடக்கிற கடதாசியும் தெரியாது. "அன்ரி, உங்கட காலத்தில அந்த எகிப்துப் பெண்ணின்ர விஷயம் நடந்ததே, அதை எழுதுங்கோ" என்றார்கள். அலுவலகத்தில் அந்தக் கதை எத்தனையோ வாய் மாறி, நான் ஒரு ஷேக்கின் கையிலிருந்து கடதாசியைப் பறித்தேன் என்ற அளவுக்குப் போய்விட்டதாம். நான் எதையும் பறிக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லவேண்டும், ஏனென்றால் அந்த அறையிலும் அந்தக் கேள்விதான் வந்தது. நான் யாழ்ப்பாணத்து முஸ்லிம். வாப்பா பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர்; பெரிய பையன்களுக்கு அரபுக் கிதாபுகளும் சொல்லிக்கொடுப்பார். நான் திரைக்குப் பின்னால் இருந்து அதையும் கேட்டுப் பாடமாக்கினேன். வாப்பாவுக்குத் தெரியும், தெரியாதமாதிரி இருந்தார். இருபத்திரண்டு வயதில் குவைத்துக்குப் போய் இரண்டு வருடம் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவினேன். பிறகு ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாள். அங்கே தாதிகளில் முக்கால்வாசிப் பேர் எகிப்துக்காரிகள். கிதாபில் படித்த அரபுக்கு வாயும் நாக்கும் வந்தது அவர்களிடம்தான். அங்கேயே ரஹீமைக் கலியாணம் முடித்து, எண்பதுகளின் நடுவில் லண்டன் வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேல் இரண்டு அறையில் குடியிருந்தோம். துப்புரவு வேலைக்குப் போன ஆஸ்பத்திரியில் ஒரு நாள், மருத்துவருக்கும் ஒரு யெமன் நாட்டுப் பெண்ணுக்கும் இடையில் நின்று பேசவேண்டி வந்தது. அடுத்த மாதம் கவுன்சிலின் மொழிபெயர்ப்புப் பிரிவில் பரீட்சைக்குக் கூப்பிட்டார்கள்.

பரீட்சை எடுத்தவர் மிஸிஸ் பென்ரோஸ். பிரிவின் தலைவி. ஐம்பத்தைந்து வயதிருக்கும், நெடுத்த உருவம், சாம்பல் நிறக் கார்டிகன், கழுத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி, தலையில் இன்னொன்று. அவருக்கு அரபு ஒரு சொல்லும் தெரியாது. தமிழும் தெரியாது, குஜராத்தியும் தெரியாது. ஆனாலும் நாங்கள் எதை விழுங்குகிறோம் என்று கண்டுபிடித்துவிடுவார். அறையின் மூலையில் இருந்து, பேசுகிறவர் எவ்வளவு நேரம் பேசினார், நாங்கள் எவ்வளவு நேரம் பேசினோம், அந்தாள் எந்த இடத்தில் முகம் சிவந்தார், எங்கள் குரல் எந்த இடத்தில் இறங்கியது என்று பார்த்துக்கொண்டிருப்பார். எங்கே குறைந்ததோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. பிறகு தனியே கூப்பிட்டு, "பதினொரு கோடு, மிஸிஸ் ரஹீம். அந்தப் பெண் கோபமாக என்னவோ சொன்னாள், நீங்கள் அவளைக் குளிப்பாட்டி எங்கள் முன்னால் கொண்டுவந்து விட்டீர்கள்" என்பார்.

அவர் சொன்ன விதிகள் குறைவு. பேசுகிறவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்று சொல்லவேண்டும். "அவ சொல்லுறா" என்று சொல்லக்கூடாது. தூஷணமானாலும் அப்படியே சொல்லவேண்டும். காதில் விழுந்தது எல்லாம் மறுபக்கம் போகவேண்டும். புத்தி சொல்லக்கூடாது. பக்கம் சேரக்கூடாது. ஒரு சொல்லை விளக்கவேண்டி வந்தால் மட்டும் கையை உயர்த்தி, "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார்" என்று அறிவித்துவிட்டு, அந்த விளக்கத்தை மட்டும் சொல்லவேண்டும். அதற்கு மேல் எங்களுக்குச் சொந்த வாய் இல்லை.

இந்த விதிகள் எனக்குப் பிடித்திருந்தன. ஏனென்றால் அவற்றை ஒழுங்காகச் செய்தால் என்ன நடக்கும் என்று முதல் வருடமே பார்த்தேன். வளைகுடா நாடு ஒன்றிலிருந்து வைத்தியத்துக்கு வந்த ஒரு பெண்; உச்சி முதல் பாதம் வரை கறுப்பு அபாயா. இரத்தம் எடுக்க வந்த இளம் தாதி என்னைப் பார்த்து, "பாவம், இந்தச் சூட்டில் இதற்குள் இருக்கிறாள். புருஷன் விடமாட்டானாக்கும்" என்றாள். எனக்குத்தான் சொன்னாள். ஆனால் காதில் விழுந்தது எல்லாம் மறுபக்கம் போகவேண்டும். சொன்னேன்.

அந்தப் பெண் தாதியை நிமிர்ந்து பார்த்தாள். "நான் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் கற்பிக்கிறேன். என் ஊரில் என்னைக் கார் ஓட்ட விடமாட்டார்கள். அதற்கு நான் அங்கே சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். உன் பரிதாபத்தை வைத்து அந்தச் சண்டையில் எனக்கு ஒன்றும் செய்ய ஏலாது. கையில் நரம்பு நன்றாகத் தெரிகிறது, இரத்தத்தை எடு" என்றாள். அத்தனையையும் "நான்" என்றே சொன்னேன். தாதி முகம் சிவந்துபோய் ஊசியை எடுத்தாள். வெளியே வந்தபோது, என்னுடைய முதுகு ஏதோ நிமிர்ந்திருந்ததுபோல இருந்தது.

பிறகு தொண்ணூறு வந்தது. அந்த வருடம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை ஆயுதம் வைத்திருந்தவர்கள் ஊரை விட்டுத் துரத்தினார்கள். என் உம்மாவும், மூத்தவளான ராத்தாவும் உடுத்த உடுப்போடு புத்தளத்தில் ஒரு கொட்டிலுக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கே வளைகுடாச் சண்டை தொடங்கியது. பஸ்ஸில் என் தலைமுக்காட்டைப் பார்த்து ஒருவன் துப்பினான். ஈஸ்ட் ஹாம் கடையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "நீங்கள் தமிழோ, முஸ்லிமோ?" என்று கேட்டார். அரபு நாட்டவர்களுக்கோ நான் ஒரு "சீலானியா", அதாவது சிலோன்காரி, வீட்டு வேலைக்காரி. எங்கள் பிரிவில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்த யோகேஸ்வரியக்கா மட்டும்தான் இந்தக் கேள்வி ஒன்றும் கேட்காமல், தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளினவ. "உம்மா எப்பிடி இருக்கிறா?" என்று தினமும் கேட்பா. அடுத்த இரண்டு வருடத்தில், நான் யார் என்று வேறு யாரும் எனக்குச் சொல்லித்தர விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

சுஹைரின் வழக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

சுஹைர் எகிப்துக்காரி, வயது முப்பத்துநான்கு. ஊரில் பள்ளிக்கூடத்தில் அரபு இலக்கணம் கற்பித்தவள். பொறியியலாளரான தாரிக்கைக் கலியாணம் முடித்து ஆறு வருடத்துக்கு முன் லண்டன் வந்தாள். பிள்ளை இல்லை. ஆங்கிலம் கடைக்குப் போய்வர மட்டும்தான். தாரிக் அடித்தவன் இல்லை, அதைச் சொல்லிவிடவேண்டும். அவளை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவன். கேட்டால், "உனக்கு மொழி தெரியாது, தொலைந்துபோவாய்" என்பானாம். ஒரு நாள் யன்னல் வழியாக இறங்கிப் பெண்கள் காப்பகம் ஒன்றுக்குப் போய்விட்டாள். அவளுடைய கடவுச்சீட்டு முடிந்துவிட்டது. அந்தக் காலத்து அவள் நாட்டு விதிப்படி, மனைவிக்குப் புதுச் சீட்டு வேண்டுமென்றால் கணவன் சம்மதம் எழுதிக் கொடுக்கவேண்டும். தாரிக் "வீட்டுக்கு வா, எழுதித் தருகிறேன்" என்றான். "என் மார்க்கப்படி நீ என் மனைவி, நான் தலாக் சொல்லமாட்டேன்" என்றான். ஊரில் அவளுடைய தாய்க்குப் பக்கவாதம். ஊருக்குப் போகவும் வழியில்லை, இங்கே இருக்கவும் வழியில்லை.

அவளுடைய சட்டத்தரணி மிஸ் ஹாலம், நல்ல மனசுள்ள இளம் வெள்ளைக்காரி. ஒரு பள்ளிவாசலின் சமரசக் குழு முன் விஷயத்தைக் கொண்டுபோயிருந்தாள். இரண்டு அமர்வுகள் முடிந்து ஒன்றும் நடக்கவில்லை. அந்த இரண்டிலும் மொழிபெயர்த்தவர் தாரிக்கின் நண்பர் ஒருவர். உதவி என்று வந்தவராம். மூன்றாவது அமர்வுக்குத்தான் எங்கள் பிரிவிலிருந்து ஆள் கேட்டாள். நான் போனேன். அது என் வருடாந்த மதிப்பீட்டுக் காலம் என்றபடியால், மிஸிஸ் பென்ரோஸும் கூட வந்து மூலையில் ஒரு கதிரையில் இருந்தார்.

நீண்ட மேசை. தலைமாட்டில் ஷேக், ஹைதராபாத்காரர், வெள்ளைத் தாடி, மெதுவான ஆங்கிலம். வலப்பக்கம் தாரிக்கும் அவனுடைய தாய்மாமனும். மாமன் லண்டனில் பெரிய ஆள், சூட்டும் தங்க மூக்குக்கண்ணாடியும். இடப்பக்கம் சுஹைர், மிஸ் ஹாலம், நான். ஷேக் விசாரணையை ஆங்கிலத்திலேயே நடத்தினார். நான் சுஹைரின் காதுக்கு அரபில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஷேக் கேட்டார்: "மகளே, போன தடவையும் கேட்டேன். கணவன் அடிக்கவில்லை, சாப்பாடு கொடுக்கிறான், திரும்பி வரச் சொல்கிறான். எதை வைத்துப் பிரிவு கேட்கிறாய்?"

சுஹைர் களைத்த குரலில் சொன்னாள்: "போன தடவையும் சொன்னேன். அதற்கு முந்தின தடவையும் சொன்னேன். நான் பிரிவு கேட்கவில்லை. இஸ்மா என் கையில் இருக்கிறது."

ஒரு விநாடி நான் நின்றுவிட்டேன். மிஸ் ஹாலம் பரிவோடு தலையாட்டத் தொடங்கிவிட்டாள். அவள் முன்னாலிருந்த குறிப்பேட்டில் முதல் இரண்டு அமர்வுகளின் குறிப்பு இருந்தது. அதில், "கட்சிக்காரர்: என் மானம் என் கையில் இருக்கிறது" என்று எழுதி, பக்கத்தில் "உணர்ச்சிவசப்படுகிறார்" என்றும் எழுதியிருந்தாள்.

இஸ்மா என்ற சொல்லுக்குப் பாதுகாப்பு என்றும், கறைபடாமை என்றும் பொருள் உண்டு. அகராதியைப் பார்த்தால் அதுதான் இருக்கும். ஆனால் நிக்காஹ் விஷயத்தில் ஒரு எகிப்துக்காரி அதைச் சொன்னால் பொருள் வேறு. குவைத் ஆஸ்பத்திரியில் எங்கள் தலைமைத் தாதியைப் பற்றி மற்றவர்கள் கண்ணடித்துச் சொல்வார்கள்: "கவனம், அவளுடைய இஸ்மா அவள் கையில்." கலியாண முடிச்சை அவிழ்க்கிற உரிமையைக் கணவன் நிக்காஹ் எழுதும்போதே மனைவிக்கும் கொடுத்திருக்கிறான் என்று அர்த்தம். அவள் விரும்பினால் தன்னைத் தானே தலாக் சொல்லிக்கொள்ளலாம். நூற்றில் ஒருத்திக்குக் கூடக் கிடைக்காது. கிடைத்தால் ஊர் சிரிக்கும், கணவனைப் பார்த்து. ஆனால் மார்க்கத்தில் இடம் உண்டு. வாப்பாவின் கிதாபிலும் இருந்தது.

எட்டு மாதமாக இந்தப் பெண் ஆங்கிலேயச் சட்டத்தரணிக்கும் பள்ளிவாசல் குழுவுக்கும் இந்த ஒரு வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர்கள் அவளுடைய மானத்தைப் பற்றி அனுதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "நான் பிரிவு கேட்கவில்லை. விவாகரத்து உரிமை என் கையில் இருக்கிறது."

மிஸ் ஹாலமின் பேனை நின்றது. ஷேக் நிமிர்ந்தார். மாமன் உடனே, "பிழை, பிழை" என்றார். தோற்பையிலிருந்து நிக்காஹ் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை எடுத்து, முத்திரை குத்திய இடத்தைக் காட்டினார். "மணமகளின் மானம் அவளுடைய சொந்தப் பொறுப்பில் உள்ளது. இதுதான் எழுதியிருக்கிறது. அவள் சொல்வதும் அதுதான்."

நான் கையை உயர்த்தினேன். "மொழிபெயர்ப்பாளர் பேசுகிறார். எகிப்திய நிக்காஹ் பத்திரத்தில் இஸ்மா என்ற சொல், திருமணத்தைக் கலைக்கும் உரிமையைக் குறிக்கும். மூலப் பத்திரத்தைப் பார்த்தால் தெளிவாகும்."

இதுவரை விதிப்படிதான்.

மாமன் என்னை அப்போதுதான் ஒரு ஆளாகப் பார்த்தார். ஷேக்கைப் பார்த்து அரபில் சொன்னார்: "இவள் யார்? சீலானியா. எங்கள் வீடுகளில் பாத்திரம் கழுவுகிற சாதி. இவளா எங்களுக்கு அரபு சொல்லித்தருவது? முஸ்லிமோ என்பதே தெரியாது." பிறகு என்னிடம் திரும்பி, "இதை மொழிபெயர்க்கத் தேவையில்லை" என்றார்.

மொழிபெயர்த்தேன். சீலானியா, பாத்திரம், சாதி எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில், அவருடைய குரலின் உயரத்திலேயே சொன்னேன். மிஸ் ஹாலம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதோடு நான் நிறுத்தியிருக்கவேண்டும். விதி அதுதான். நிறுத்தவில்லை. கையை உயர்த்தவும் இல்லை, அறிவிக்கவும் இல்லை. என் சொந்த வாயால் முதலில் அரபிலும், பிறகு எல்லாருக்கும் விளங்க ஆங்கிலத்திலும் நாலு வசனம் சொன்னேன்.

"நான் யாழ்ப்பாணத்து முஸ்லிம். குவைத்தில் உங்களைப்போன்றவர்களின் வீட்டில் பாத்திரம் கழுவியிருக்கிறேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. உங்கள் மொழியை அந்தக் குசினியிலும் என் வாப்பாவின் கிதாபிலும் படித்தேன். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும், தெரிந்துகொண்டுதான் மறைக்கிறீர்கள்."

தாரிக் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுஹைர் என்னைப் பார்த்தாள், அதன் பிறகு ஷேக்கைப் பார்த்தாள்.

ஷேக் மெதுவாக, "மூலப் பத்திரம் எங்கே?" என்றார்.

"கெய்ரோவில்," என்றார் மாமன்.

"என் பிரதி இவளிடம் இருக்கிறது," என்று சுஹைர் மிஸ் ஹாலமைக் காட்டினாள். "முதல் நாளே கொடுத்தேன்."

மிஸ் ஹாலம் கோப்பைக் கிளறினாள். அடியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஆங்கிலப் பிரதி இருந்தபடியால் அதை யாரும் தொடவில்லை. அச்சடித்த படிவம், நிபந்தனைகளுக்கான இடத்தில் கையால் எழுதிய ஒன்றரை வரி. ஷேக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, விரலை வரியின் கீழ் வைத்து, சின்னப் பிள்ளை ஓதுவதுபோல எழுத்தெழுத்தாக வாசித்தார். இஸ்மா அவளுடைய கையில், அவள் விரும்பும்போது தன்னை விடுவித்துக்கொள்வாள். கீழே தாரிக்கின் கையெழுத்து.

"எங்கள் பக்கத்தில் இதற்குத் தஃப்வீள் என்று பெயர்" என்றார் ஷேக். அந்த மனிதர் இதை விரும்பவில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் எழுதியிருந்ததை எழுதவில்லை என்று சொல்ல அவருக்கு வரவில்லை. அந்த நேர்மைக்கு அவருக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. "எழுத்தில் இருக்கிறது. செல்லும்."

தாரிக் அப்போதுதான் வாய் திறந்தான். "அது அவளுடைய தகப்பனைச் சந்தோஷப்படுத்த எழுதினது. நல்ல குடும்பத்துப் பெண் யாரும் அதைப் பாவிக்கமாட்டாள்."

"என் தகப்பன் உன்னை நன்றாக அறிந்திருக்கிறார்" என்றாள் சுஹைர்.

ஷேக் அவளிடம், "பொறுமையாக இரு மகளே, ஒரு மாதம் யோசி, திரும்பவும் கூடுவோம்" என்றார். நான் சொல்லி முடிக்கும் முன்பே சுஹைர் எழுந்து நின்றுவிட்டாள். இலக்கண வகுப்பில் பாடம் சொல்கிற குரலில், அரபு உயிர்க்குறி ஒன்றும் விழுங்காமல் சொன்னாள். நானும் எழுந்தேன், அவள் நிற்கும்போது நான் இருந்துகொண்டு சொல்லக்கூடாது என்று தோன்றியது.

"அதை மொழிபெயர்க்காதே" என்றார் மாமன். ஷேக்கும் கையை உயர்த்தி, "கொஞ்சம் பொறுங்கள்" என்றார்.

நான் பொறுக்கவில்லை. "என் கையில் இருக்கும் உரிமையால், உன்னிடமிருந்து என்னை நான் தலாக் சொல்லிவிட்டேன்." கடைசிச் சொல்வரை, அவளுடைய குரலின் உயரத்திலேயே.

விறாந்தைக்கு வந்ததும் மிஸ் ஹாலம் கண்கலங்கிச் சுஹைரின் கையைப் பிடித்தாள். "உங்கள் மதத்தையே எதிர்த்து நின்றீர்கள். எவ்வளவு துணிச்சல்!" என்றாள். மொழிபெயர்த்தேன்.

சுஹைர் கையை விடுவிக்கவில்லை, ஆனால் முகம் இறுகியது. "அவளுக்குச் சொல்லு. அந்த ஒன்றரை வரியை எழுதினது லண்டனில் இல்லை. எழுதினவர் தலைப்பாகை கட்டின ஒரு கிழவர், பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் எழுதினார். எட்டு மாதம் அது உன் கோப்புக்குள் கிடந்தது."

அதையும் சொன்னேன். அவள் நல்ல பெண், பாவம். ஆனாலும் சொன்னேன்.

ஐந்தாம் நாள் மாமனின் புகார் வந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கம் சேர்ந்தார், குழுவின் தலைவர் சொல்லைக் கேட்கவில்லை, ஒரு கனவானை அவமதித்தார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். வீட்டில் ரஹீம், "கோபத்தில சொன்னதோ, யோசிச்சுச் சொன்னதோ?" என்று மட்டும் கேட்டார். "ரெண்டும்தான்" என்றேன்.

யோகேஸ்வரியக்கா ஷிப்ட் முடிந்து நேரே வீட்டுக்கு வந்தா. "ஏன் வாயைத் திறந்தனீர்? ஷேக் கடதாசியைத் தானே பார்த்திருப்பார்" என்றா.

"பார்த்திருக்கமாட்டார் அக்கா. முத்திரை குத்தின கடதாசி ஒண்டு முன்னால கிடந்தது."

"சரி, இப்ப என்ன? மன்னிப்புக் கேட்டு ஒரு கையெழுத்தை வைச்சிட்டு வேலைக்கு வாருமன். வேலை போச்சுதெண்டால் உம்மாக்கு என்னத்தை அனுப்புவீர்?"

"ஏலாது. பிழையாச் சொல்லியிருந்தால் ஆயிரம் தரம் மன்னிப்புக் கேட்டிருப்பன். நான் சொன்னதில எது பிழையெண்டு ஒருத்தரும் காட்டேல்லை."

அக்கா "பொல்லாத மனிசி" என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தா.

விசாரணையில் மிஸிஸ் பென்ரோஸ் என்னைக் காப்பாற்றுவார் என்று நினைத்தேன். அவர் காப்பாற்றவில்லை. தன் குறிப்பை எடுத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். "மிஸிஸ் ரஹீம் தன் சார்பில் நாலு வசனம் பேசினார். நாலையும் எழுதியிருக்கிறேன். அது விதிமீறல். தலைவர் பொறுக்கச் சொன்னபோது பொறுக்கவில்லை, அதுவும் விதிமீறல்." பக்கத்தைப் புரட்டினார். "ஒரு மணி நாற்பது நிமிடத்தில் விடுபட்ட வசனம் ஒன்றும் இல்லை. பிறகு இரண்டு வெளி அறிஞர்களிடம் பத்திரத்தைக் காட்டினேன். அந்தச் சொல்லுக்கு அவர் சொன்ன பொருளே சரி. முந்தின மொழிபெயர்ப்பு தவறு. இந்தப் பெண் எட்டு மாதம் சரியாகப் பேசியிருக்கிறாள், நாங்கள் அனுப்பாத ஒருவரை அந்தக் கதிரையில் இருக்க விட்டதால் யாருக்கும் கேட்கவில்லை. அதற்கு யார் மன்னிப்புக் கேட்பது என்று இந்தக் குழு முடிவு செய்யவேண்டும்."

முன்னால் இருந்த அதிகாரி ஒரு தட்டச்சுக் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். மூன்று வரி. 'வருந்துகிறேன்' என்று இரண்டு இடத்தில் இருந்தது. கையெழுத்து வைத்தால் விஷயம் முடிந்துவிடும் என்றார்.

"நாலு வசனம் பேசினேன் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். வருந்துகிறேன் என்று எழுதினால் அது தவறான மொழிபெயர்ப்பு" என்றேன்.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என் கோப்பில் ஏறியது. மூத்த மொழிபெயர்ப்பாளர் பதவி இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். கோபம் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு புது விதி வந்தது: வழக்கில் மூலப் பத்திரம் ஏதும் இருந்தால், மொழிபெயர்ப்பாளருக்கு அதை முன்னதாகவே காட்டவேண்டும். மிஸிஸ் பென்ரோஸ் எழுதியது. யாருடைய பெயரும் அதில் இல்லை.

நான் வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் இருக்கும். காலையில் மிஸிஸ் பென்ரோஸ் என் மேசைக்கு வந்தார். "வரவேற்பில் ஒரு பெண் வந்திருக்கிறார். என்னோடு பேசவேண்டுமாம். அரபு மொழிபெயர்ப்பாளர் தேவை" என்றார். போய்ப் பார்த்தால், சுஹைர். பழுப்பு நிறக் கோட்டு, தலையில் பச்சை முக்காடு, கையில் ஒரு பயணப்பை. என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள். வேலையில் நிற்கிறேன் என்று கண்ணால் காட்டினேன். அவளுக்கு விளங்கியது. மிஸிஸ் பென்ரோஸுக்கு நேரே இருந்து, அவரைப் பார்த்தே பேசினாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து, சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"இன்று பின்னேரம் ஊருக்குப் போகிறேன். போகுமுன் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று வந்தேன். போன கிழமை கடவுச்சீட்டுக்காக எங்கள் தூதரகச் சன்னலில் நின்றேன். அங்கே இருந்த பையன், 'கணவரின் சம்மதக் கடிதம்?' என்றான். தலாக்கை ஏற்று ஷேக் பிறகு எழுதித் தந்த சான்றிதழையும் என் நிக்காஹ் பத்திரத்தையும் வைத்தேன். வாசித்தான். இன்னொரு தடவை வாசித்தான். உள்ளே போய் இன்னொருவனைக் கூட்டிவந்தான். அவன் இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டான். ஒருவன் சிரித்தான். ஒருவன், 'அம்மா, நீங்கள் அங்கே போய்க் கதிரையில் இருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்' என்றான்."

சுஹைர் நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். மிஸிஸ் பென்ரோஸ் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுஹைர் திரும்பவும் பேசினாள்.

"நான் கதிரையில் போய் இருக்கவில்லை," என்று சொன்னேன். "ஐந்து பேரும் வாசித்து முடிக்கும்வரை அந்தச் சன்னலிலேயே நின்றேன்."